எனக்கு வராத முதுகுவலி

இந்தக் கிறிஸ்மஸுக்கு என் மனைவியை அழவிடக் கூடாது என்று ஒரு சபதம் எடுத்தேன்.

சபதம் எடுப்பது எனக்குப் புதிதல்ல. வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு வேறு என்ன வேலை? நான் எடுக்கிற சபதங்களையெல்லாம் பாக்கியவதி பாத்திரம் துலக்கும் சத்தத்துக்கு நடுவில் கேட்டுக்கொள்வாள். இதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் சபதம். சொல்லாவிட்டால் சதி. நான் சதி செய்யத் தீர்மானித்தேன்.

காரணம் எங்கள் ஒரே மகன் ஜெய்சன். அயர்லாந்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறான். அவன் போனது அயர்லாந்து. அயர்ந்து போனது நாங்கள். இத்தனை வருஷம் பூகோளப் பாடம் நடத்தியவன் நான். சுவரில் தொங்குகிற உலகப் படத்தில் அந்த நாட்டைப் பிரம்பு நுனியால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அடுத்த நாட்டுக்குப் போய்விடுவேன். அது இவ்வளவு தூரம் என்று அந்தப் படத்தில் போட்டிருக்கவில்லை.

அவன் கூப்பிட்டபோது நான் ஸ்டூலில் ஏறி நின்று வாசலில் நட்சத்திரம் கட்டிக்கொண்டிருந்தேன். பாக்கியவதி கீழே நின்று ஸ்டூலையும் போனையும் சேர்த்துப் பிடித்திருந்தாள்.

"அம்மா, லீவு கிடைக்கலம்மா. பிள்ளைக்காரங்களுக்கு முதல்ல குடுத்துட்டாங்க. நான் ஒண்டிக்கட்டைல்லா, அதனால கிறிஸ்மஸுக்கு நான்தான் டூட்டி."

"சரி மக்கா. வேளாவேளைக்குச் சாப்பிடு" என்றாள் பாக்கியவதி. அவ்வளவுதான். போனை வைத்தாள். என் கையிலிருந்த நட்சத்திரத்தை வாங்கி, மடக்கி, பரணில் போட்டுவிட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

பேசாத பாக்கியவதியை நான் கல்யாணமான நாளிலிருந்து பார்த்ததில்லை. சபையில் பெண்கள் ஐக்கிய சங்கத் தலைவி அவள். அவள் ஜெபம் செய்ய ஆரம்பித்தால் ஆமென் வருவதற்குள் காபி ஆறிவிடும். அப்படிப்பட்டவள் வாயை மூடிக்கொண்டால் உள்ளே எவ்வளவு புழுக்கம் இருக்க வேண்டும்?

நான் படித்தவன். நிதானமாகத்தான் இருந்தேன். காலையில் எழுந்ததும் ஜெய்சனின் பைக்கைத் துடைத்து, ஸ்டார்ட் செய்து, கொஞ்ச நேரம் ஓடவிடுவேன். ஓட்டாமல் போட்டால் பேட்டரி போய்விடும். அப்புறம் ஜங்ஷனுக்குப் போய் சென்னை ரயில் நேரத்துக்கு வருகிறதா என்று பார்ப்பேன். ஒரு குடிமகனுக்கு அந்தப் பொறுப்பு வேண்டாமா? இறங்குகிற எல்லோரும் இறங்கி முடித்து, பிளாட்பாரம் காலியான பிறகுதான் திரும்புவேன்.

ஒருநாள் திரும்பும் வழியில் சீலா மீன் வாங்கிக்கொண்டு வந்தேன்.

"இது யாருக்கு?" என்றாள் பாக்கியவதி.

"நமக்குத்தான்."

"எனக்கு சீலா சாப்பிட்டா மேலெல்லாம் தடிக்கும். ஒங்கள டாக்டர் பொரிச்சது எதையும் தொடக்கூடாதுன்னுட்டாரு. பொறவு யாரு அந்த நாம?"

"மீன் புதுசா இருந்துச்சு பாக்கியம்."

அவள் மீனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடியும் மீனைப் பார்த்தாள்.

"மீன் கண்ணு தெளிவாத்தான் இருக்கு" என்றாள்.

'மீன்' என்பதை ஏன் அப்படி அழுத்திச் சொன்னாள் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

பக்கத்து வீட்டு உமர் பாரூக்கிடம் யோசனை கேட்டேன். மேலப்பாளையத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். மகன் ரசீத் சவுதியில், தம்மாமில் இருக்கிறான். வீட்டில் அவரும் மனைவி ஜுபைதா பீவியும்தான். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்புயரச் சுவர் ஒன்று உண்டு. எங்கள் மாநாடுகள் எல்லாம் அதன் மேல் முழங்கையை ஊன்றித்தான் நடக்கும்.

"என்ன வே வாத்தியாரே, மூஞ்சி சுருங்கிக் கெடக்கு?"

"எனக்கு ஒண்ணுமில்ல பாய். பாக்கியத்துக்குத்தான் மனசு சரியில்ல. பையன் வரலல்லா?"

"அழுதாளா?"

"அழல. அதான் பயமா இருக்கு."

"நீரு?"

"நான் எதுக்குவே அழணும்?"

உமர் பாரூக் கொஞ்சம் இருமினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"போன நோம்புப் பெருநாளுக்கு ரசீத் வரலைன்னதும் நான் என்ன செஞ்சேன் தெரியுமா? பள்ளியில தொழுதுட்டு வந்து, அவன் சட்டையெல்லாம் எடுத்துத் தேய்ச்சேன். போடுத ஆளு தம்மாம்ல. சட்டை இங்கன மடிப்பு கலையாம இருக்கு. தேய்ச்சு முடிச்சுட்டு மறுபடியும் ஒதறித் தேய்ச்சேன். ஜுபைதா பாத்துக்கிட்டே இருந்தா. மறுநாளே யோகாவுக்கு இழுத்துட்டுப் போயிட்டா."

"யோகாவா?"

"சமாதானபுரத்துல சித்ரலேகா டீச்சர்னு ஒருத்தங்க மாடியில சொல்லிக் குடுக்காங்க. இந்த மாசம் தனியா ஒரு வகுப்பு வச்சிருக்காங்க. பண்டிகை நேரத்துல ஆளில்லாம மனசு கனத்துக் கெடக்குதவங்களுக்கு. மூச்ச இழுத்து விட்டா லேசாகுதுவே. நான் பொய் சொல்லல."

எனக்குள் விளக்கு எரிந்தது. உடனே அணைந்தது. "அவ வரமாட்டாளே பாய். எனக்கென்ன வருத்தம்னு சண்டைக்கு வருவா."

உமர் பாரூக் வானத்தைப் பார்த்தார். வீட்டு ஜன்னலைப் பார்த்தார். "உமக்கு முதுகுவலின்னு சொல்லும். யோகா செஞ்சாத்தான் சரியாகுமாம், துணைக்கு வான்னு கூப்பிடும்."

"பாய்! நீரு ஜவுளி வித்திருக்க வேண்டிய ஆளே இல்ல. மந்திரியா இருந்திருக்கணும்."

"சே சே, யோசனை என்னுது இல்லவே" என்றார் அவசரமாக. "எல்லாம் மேல உள்ளவன் குடுக்குதது."

மறுநாள் காலையில் காபித் தம்ளரை எடுக்கக் குனிந்தவன், "ஐயோ, முதுகு!" என்று அப்படியே நின்றேன். பள்ளிக்கூட ஆண்டு விழா நாடகங்களில் இதைவிட நன்றாக நடித்தவர்களை நான் பார்த்ததில்லை.

"முதுகுன்னிய, இடுப்பப் பிடிக்கிய?" என்றாள் பாக்கியவதி.

"இறங்குது பாக்கியம். வலி இறங்குது."

"எங்கன வரைக்கும் இறங்கும்?"

"இங்கனதான், எங்கயாவது."

தைலம் வந்தது. உப்பு ஒத்தடம் வந்தது. ஒத்தடத்தின் சூட்டில் இல்லாத வலி நிஜமாகவே வந்துவிடும்போல் இருந்தது. அதற்கு முன் விஷயத்துக்கு வந்தேன். "யோகாதான் இதுக்கு மருந்தாம். எனக்குத் தனியாப் போகக் கூச்சமா இருக்கு. நீயும் வாயேன்."

அவள் மறுப்பாள் என்று ஒரு சொற்பொழிவு தயார் செய்திருந்தேன். கிறிஸ்தவர்கள் யோகா செய்யலாமா என்ற கேள்விக்கு மட்டும் தனி பதில் வைத்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை.

"சரி, போவோம். போதகர்ட்டக் கேட்டாச்சு. முதுக வளைக்கதுக்கும் மூச்சு விடுததுக்கும் வேதத்துல தடை ஒண்ணுமில்லைன்னுட்டாரு."

"எப்பக் கேட்ட?"

"முன்னாடி ஒருக்கா. பொதுவா."

பீரோவுக்குப் பின்னாலிருந்து ஒரு யோகா விரிப்பும் வந்தது.

"இது ஏது?"

"ஜுபைதாக்கா குடுத்தாவ. பேசிக்கிட்டே நிக்காம கிளம்புங்க."

அவ்வளவு லேசாக அவள் வலையில் விழுந்ததைப் பார்த்து எனக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது.

சித்ரலேகா டீச்சருக்கு மெல்லிய குரல். மாடியில் கூரை வேய்ந்த இடத்தில் எங்களைப் போல் நரைத்த தலைகளாக உட்கார்ந்திருந்தார்கள். பாக்கியவதி நேராகப் போய் ஓரத்தில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். கைப்பையிலிருந்து பூண்டை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள்.

"நீயும் வாயேன்" என்று கிசுகிசுத்தேன்.

"முதுகுவலி ஒங்களுக்கா, எனக்கா?"

விரிப்பில் போய் நின்றேன்.

விருட்சாசனம் என்றால் மரம்போல் ஒற்றைக் காலில் நிற்பது. நான் புயலில் நிற்கிற வாழைபோல் நின்றேன். பச்சிமோத்தானாசனம் என்றார்கள். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் நாக்கு வளைந்துவிட்டது, முதுகுதான் வளையவில்லை. பாம்பு மாதிரிப் படுத்துத் தலையைத் தூக்கச் சொன்னபோது நான் பாம்புமில்லை, மனிதனுமில்லை. ஓரத்தில் 'களுக்'கென்று ஒரு சத்தம். பாக்கியவதி சிரித்தாள்! ஜெய்சனின் போன் வந்த பிறகு முதல் சிரிப்பு. என் சதி பலிக்கிறது என்று தலையை இன்னும் கொஞ்சம் தூக்கிக் காட்டினேன்.

அப்புறம் பிராணாயாமம்.

"மூச்ச இழுங்க. வைங்க. பைய விடுங்க" என்றார் டீச்சர். என் பக்கத்தில் வந்ததும் நின்றார். "சார், பெருமூச்சு விடாதீங்க. மூச்சு விடுங்க."

"எங்கிட்ட இருக்கது இதுதான் டீச்சர்" என்றேன்.

கடைசியில் பாலாசனம் என்றார்.

"பால் குடிச்சுட்டு வரணுமா?" என்று கேட்டேன். நாலு பேர் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தார்.

"பாலகன் சார். குழந்தை. முட்டிய மடக்கி உக்காந்து, அப்படியே முன்னால குனிஞ்சு, நெத்தியத் தரையில வைங்க. கைக்குழந்தை குப்புறப் படுத்துத் தூங்கும்லா, அது மாதிரி."

குனிந்தேன். நெற்றியைத் தரையில் வைத்தேன்.

ஜெய்சன் அப்படித்தான் தூங்குவான். முட்டியை வயிற்றுக்குள் மடக்கி, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, ஒரு கன்னம் பாயில் நசுங்க. கரண்ட் போன கோடைகளில் நான் பக்கத்தில் உட்கார்ந்து விசிறுவேன். ஒரு கை விசிறும். இன்னொரு கை அவன் முதுகில் இருக்கும். அவன் முதுகு மொத்தமும் என் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். மூச்சு மேலே வந்து கீழே போவது கையில் தெரியும். கரண்ட் வந்த பிறகும் கையை எடுக்க மனசு வராது.

"மூச்ச உள்ள இழுங்க" என்றது குரல். இழுத்தேன். வெளியே வரும்போது அது மூச்சாக வரவில்லை.

நல்லவேளை, முகம் தரையைப் பார்த்து இருந்தது. யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு பைய அழுதேன். என் தோள் குலுங்குவது எனக்கே தெரிந்தது. யாரோ வந்து முதுகில் கை வைத்தார்கள். டீச்சர் என்றுதான் நினைத்தேன். அந்தக் கையில் பூண்டு வாசனை அடித்தது.

எழுந்து முகத்தைத் துடைத்தேன். "ஒரே வேர்வை."

"மார்கழிப் பனியில நல்லா வேர்க்கத்தான் செய்யும்" என்று முந்தானையைக் கொடுத்தாள் பாக்கியவதி.

அதற்குப் பிறகு தினமும் போனோம். தினமும் எனக்கு வேர்த்தது. ஆனால் வேர்க்க வேர்க்க, என்னமோ லேசாக இருந்தது. ஒருநாள் ரயில் பார்க்கப் போக மறந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து நானே பரணில் ஏறி நட்சத்திரத்தை எடுத்துக் கட்டினேன். பாக்கியவதி முந்திரிக்கொத்துப் பலகாரத்துக்குப் பாசிப்பயறு வறுத்தாள். வாசனை தெருவரை போனது. அவளுக்குப் பேச்சும் திரும்பிவிட்டது. என் சதிக்கு முழு வெற்றி. அவள் ஒரு ஆசனம்கூடப் போடவில்லை என்ற சின்ன விஷயத்தை நான் பெரிதுபடுத்தவில்லை.

பெருமையைச் சுவரில் கொண்டுபோய் ஊன்றினேன். "பாத்தீரா பாய்? பாக்கியத்தத் தேத்திட்டேன்!"

உமர் பாரூக்குக்கு இருமல் வந்தது. இருமல் சிரிப்பாக மாறியது. சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டார். உள்ளேயிருந்து ஜுபைதா பீவி வெளியே வந்தார்.

"இன்னுமா அவுகளுக்குத் தெரியாது? சொல்லிருங்களேன், பாவம்."

"என்ன தெரியாது?"

"அண்ணே, ஜெய்சன் போன் வந்து நாலஞ்சு நாளுல பாக்கியம் இங்கன வந்தா" என்றார் ஜுபைதா பீவி. "'இவுக பைக்க ஸ்டார்ட் பண்ணிட்டு ஏறாம, பக்கத்துலயே நிக்காவ அக்கா. ஸ்டேஷனுக்குப் போயி, வராத பிள்ளையத் தேடிட்டு வாராவ. நட்சத்திரத்தக் கையில வச்சுக்கிட்டு ஸ்டூல்ல நின்னு ஆடுனாவ, விழுந்துருவாவளோன்னு வாங்கிப் பரண்ல போட்டேன். எனக்குப் பயமா இருக்கு'ன்னு ஒரே பொலம்பல். நான்தான் யோகாவச் சொன்னேன். 'ஒங்களுக்கு மனசு சரியில்லைன்னு கூப்பிட்டா வரமாட்டாவ, எனக்கு மனசு சரியில்லைன்னு நினைச்சா எங்க வேணாலும் வருவாவ'ன்னு அவதான் சொன்னா."

"அப்ப அந்த முதுகுவலி?"

"அதுவும் அவ யோசனைதான்வே" என்றார் உமர் பாரூக், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நான் முன்னமே சொல்லலியா, என்னுது இல்லன்னு?"

"அப்ப என் சதி?"

"அது அவ சதிக்குள்ள ஒரு ஓரத்துல இருக்கு."

வீட்டுக்குள் போனேன். பாக்கியவதி அடுப்பில் பாகு கிண்டிக்கொண்டிருந்தாள்.

"பாக்கியம், எனக்கு முதுகுவலியே கிடையாது."

"தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"வரதுக்கு முன்னாலயே தெரியும்."

சண்டை போடலாம் என்றுதான் போயிருந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் வேறு கேள்வி வந்தது. "எல்லாம் எனக்காகன்னா, ஒனக்கு? ஒனக்கு வருத்தமே இல்லியா?"

கரண்டி ஒரு நொடி நின்றது. மறுபடியும் சுற்றியது.

"பாகு முறிஞ்சிரும். அங்கிட்டுப் போங்க" என்றாள்.

கிறிஸ்மஸ் அன்று ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து, பாக்கியவதி புதுச்சேலை மாற்றாமலே சமையலறையில் நுழைந்தாள். கொஞ்ச நேரத்தில் ஜெய்சன் வீடியோவில் வந்தான். அவனுக்கு அங்கே இன்னும் விடியவில்லை. டூட்டிக்கு நடுவில், ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்திருந்தான். பின்னால் ஜன்னல் கறுப்பாக இருந்தது.

"ஹாப்பி கிறிஸ்மஸ்ப்பா."

இழுத்தேன். வைத்தேன். பைய விட்டேன். "ஹாப்பி கிறிஸ்மஸ் ஐயா" என்றேன். குரல் கல்மாதிரி நின்றது. எனக்கே பெருமையாக இருந்தது.

அவன் குரல்தான் நிற்கவில்லை. "என் வார்டுல ஒரு தாத்தா இருக்காருப்பா. நேத்து அவர் வீட்டு ஆளுக அம்புட்டு பேரும் வந்து, கட்டிலச் சுத்தி நின்னு பாடுனாங்க. எனக்கு அங்கன நிக்க முடியல. ஸ்டோர் ரூமுக்குள்ள போயிட்டேன்." உதட்டைக் கடித்தான். சின்ன வயதில் விழுந்து அடிபட்டால் அழுகையை அடக்கக் கடிப்பான், அதே கடி.

நான் கற்ற வித்தையெல்லாம் மறந்துபோனது. இழுக்கவும் தெரியவில்லை, விடவும் தெரியவில்லை. பாக்கியவதி போனை என் கையிலிருந்து வாங்கினாள்.

"மக்கா, நாற்காலில நல்லா சாஞ்சு உக்காரு. தோளத் தளத்து. தாடைய இறுக்காத. இப்ப மூச்ச இழு. வை. பைய விடு. அவசரமில்ல, அம்மா இங்கனதான் இருக்கேன். இன்னொருக்கா இழு."

சித்ரலேகா டீச்சர் தோற்றார். பூண்டு உரித்துக்கொண்டே அத்தனையையும் இவள் படித்திருக்கிறாள். திரையில் ஜெய்சனின் தோள் மெல்ல இறங்கியது. கொஞ்ச நேரத்தில் சிரித்தான்.

"எங்க போயிம்மா இதெல்லாம் படிச்சிய?"

"ஒங்கப்பாவுக்குத் துணைக்குப் போனேன்."

"நீங்க எப்படிம்மா இருக்கிய? வருத்தமா இருக்கா?"

"எனக்கென்ன மக்கா? ஒங்கப்பாவப் பாக்கவே பொழுது சரியாப் போவுது. நீ போயி வேலையப் பாரு. ஏதாவது சாப்பிடு."

அவன் முகம் மறைந்தது. திரை இருட்டாகும்வரை அவள் போனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு மூலையில் சுருட்டி வைத்திருந்த விரிப்பை எடுத்து ஹாலில் விரித்தாள். பட்டுச்சேலை கசங்குமே என்றுகூடப் பார்க்கவில்லை. முட்டியை மடக்கி உட்கார்ந்து, முன்னால் குனிந்து, நெற்றியைத் தரையில் வைத்தாள்.

இத்தனை நாளில் அவள் போட்ட முதல் ஆசனம்.

அவள் முதுகு ஏறி இறங்கியது. ஒரு சத்தமும் இல்லை. கடைசியில் என் முறை வந்தது என்று புரிந்தது. இத்தனை நாளும் இவள் என்னைத் தேற்றினாள். இன்றைக்கு நான் தேற்றுவேன். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, டீச்சரின் குரலை முடிந்தவரை வரவழைத்தேன்.

"மூச்ச பைய விடு பாக்கியம்."

தரையிலிருந்து பதில் வந்தது. "அடுப்புல கறி அடிப்பிடிக்குது. போயி இறக்குங்க."

பதறி எழுந்தேன். சொன்னதும் எனக்குத் தீய்ந்த வாசனைகூட அடித்தது. கைப்பிடித் துணியைத் தேடி எடுத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடி, சட்டியைத் திறந்தேன்.

கறி மஞ்சள் தடவியபடி பச்சையாகக் கிடந்தது. சட்டி ஜில்லென்று இருந்தது.

ஹாலிலிருந்து மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "இறக்கிட்டியளா?" என்று கேட்டாள். குரல் அடைத்திருந்தது.

"இன்னும் கொஞ்ச நேரம் ஆகும் பாக்கியம்" என்றேன், பற்றவைக்காத அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டு.